வெயிலூரில் பால்வண்ணன்

சோலார்பங்க்காம். பால்வண்ணன் அட்டையை மறுபடி ஒரு தரம் வாசித்தார். 'வெயில்கொடி, சோலார்பங்க் சிறப்பிதழ்.' சோலார் தெரியும். பன்னிரண்டு வருஷமாகப் பாளையங்கோட்டையில் மாடி மாடியாக ஏறி அந்தத் தகடுகளைத்தானே மாட்டிக்கொண்டிருக்கிறார். பங்க்கும் தெரியும், பெட்ரோல் போடுகிற இடம். ரெண்டையும் சேர்த்து ஒட்டினால் என்ன எழவு வரும் என்பதுதான் விளங்கவில்லை. முன்னுரையில் எழுதியிருந்தார்கள்: புகை இல்லாமல், வெயிலையும் காற்றையும் நம்பி, ஒருத்தரை ஒருத்தர் மிதிக்காமல் மனுஷர்கள் கூடி வாழப்போகிற நாளையைப் பற்றிய கதைகள், இவை நம்பிக்கையின் கதைகள். நம்பிக்கை! போன மாசம் மகாராஜநகரில் ஒருத்தன் ஆறு தகடு மாட்டிவிட்டு, மறுநாள் காலையில் போன் பண்ணி, சார் இனிமே ஆயுசுக்கும் கரண்டு பில்லே வராதுல்லா என்று கேட்டான். அவனுக்கு இருக்கிற நம்பிக்கை இந்தப் பத்திரிகைக்காரர்களுக்கும் இருக்கிறது, அவ்வளவுதான். பால்வண்ணன் வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டார். கணுக்காலில் கட்டு. முன்னால் பார்த்த வயரிங் வேலையும் சேர்த்து இருபத்தாறு வருஷம் ஏணியில் நின்ற மனுஷன் செவ்வாய்க்கிழமை மூன்றாவது படியிலிருந்து, ஆமாம், வெறும் மூன்றாவது படியிலிருந்து சறுக்கினார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று கம்பெனியில் ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு அவரே சொல்லிக்கொண்டார். வேறு யாரும் சொல்லக் காணோம். ஆக, சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் தனியாக, டிவியில் ஒன்றும் உருப்படியாக இல்லாத நேரத்தில் இந்தப் பத்திரிகை. அவர் மனைவி வடிவு நூலகத்து வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். "என் கதை வந்திருக்கு. முடிஞ்சா படிச்சு வைங்க. ஆறு மணிக்கு வந்துருவேன். வந்ததும் ஒரு விஷயம் பேசணும்." அப்படி என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "வந்து சொல்லுதேன்" என்றாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் முன்கூட்டியே சொல்லி வைத்து எந்த விஷயமும் பேசினதில்லை. கேஸ் தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்பாள். மகன் சண்முகவேலு பெங்களூரில் வேலை மாறினால் மாறிவிட்டான் என்பாள். விஷயம் என்று பெயர் வைத்தெல்லாம் பேசமாட்டாள். சரி, கதையைப் பாராட்டச் சொல்வாளாக இருக்கும், இந்த எழுதுகிற ஜாதிக்கு அது ஒரு அரிப்பு.

முதலில் அவள் கதையைத் தொடவில்லை. ஐந்து கதைகளில் அவளுடையது நாலாவது. வரிசைப்படி வருவோம், வேலை என்றால் அதுதான் முறை. முதல் கதையில் சென்னை. எல்லாக் கட்டடத்திலும் கொடி படர்ந்திருக்கிறது, கூவத்தில் மீன் துள்ளுகிறது, ஜனங்கள் படகில் ஆபீஸ் போகிறார்கள், போகிற வழியில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியா இது? மூன்றாவது பாராவிலேயே சிவப்புப் பேனா கைக்கு வந்துவிட்டது. அது அவர் கை செய்கிற காரியம், அவர் சொல்லிச் செய்வதில்லை. எந்த வீட்டில் வேலை முடிந்தாலும் பால்வண்ணன் மாடியை ஒரு சுற்றுச் சுற்றி, வரைபடத்திலேயே சிவப்புப் பந்துமுனைப் பேனாவால் குறை ஒன்று, குறை இரண்டு என்று எண் போட்டு எழுதி, அடியில் 'சரிசெய்த பின் ஒப்படைக்கவும்' என்று கையெழுத்தும் தேதியும் போடுவார். பென்சிலில் எழுதினால் எவனாவது அழித்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்பான் என்பது அவர் அனுபவம். அவர் குறை சொல்லாத வேலை இதுவரைக்கும் ஜில்லாவிலேயே நடந்ததில்லை, அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. குறை ஒன்று: கொடி படர்ந்தால் தகட்டில் நிழல் விழும். குறை இரண்டு: படகில் போகிறவன் எத்தனை மணிக்கு ஆபீஸ் போய்ச் சேருவான்? ரெண்டாவது கதையில் இயந்திரத் தேனீக்கள். தூ. மூன்றாவதில் நாற்பது பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து கம்பு, சாமை, வரகு, குதிரைவாலி, தினை என்று தின்று தீர்க்கிறார்கள். கதையா, நாட்டு மருந்துக்கடைச் சிட்டையா? நாற்பது பேர் சாப்பிட்ட பாத்திரத்தை யார் விளக்குவது என்று கோபமாகவே எழுதினார். தன் வாழ்நாளில் ஒரு தம்ளரைக்கூட விளக்கி அறியாத மனுஷனுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து அவ்வளவு உருக்கமாக வந்ததோ. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பக்கத்தின் குறுக்கே எழுதி, அதற்கு ரெண்டு கோடும் போட்டார். மணி மூணே கால். சாப்பாடு மூடினபடி இருந்தது. இன்னும் ஒரு கதை முடித்துவிட்டுச் சாப்பிடலாம், பசி இருந்தால்தான் குறை தெரியும்.

'வெயிலூர்', எழுதியவர் சங்கரவடிவு. பெயரை அச்சில் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. யாரோ வேறொரு பெண்பிள்ளை மாதிரி. பால்வண்ணன் என்று பின்னால் ஒட்டவில்லை. ரேஷன் கார்டில் இருக்கிறது, பாஸ்புக்கில் இருக்கிறது, இங்கே இல்லை. எழுத்தாளர்கள் அப்படித்தான் சுருக்கி வைத்துக்கொள்வார்கள் போல. வருஷம் இரண்டாயிரத்து எண்பத்தைந்து. ஆலங்குளத்துக்கு மேற்கே ஓர் ஊர். அதில் பொன்னி என்று ஒருத்தி, ஐம்பத்து நாலு வயசு, இடது முட்டி மடக்கினால் வலிக்கும், புஸ்தகத்தைத் திறக்கும் முன்னால் முகர்ந்து பார்ப்பாள், சுக்குத் தட்டிப் போடாமல் டீ குடிக்க மாட்டாள். பால்வண்ணன் சிரித்துவிட்டார். அடியே, நீதானடி அது! அறுபது வருஷத்துக்கு அப்புறமும் அதே முட்டிவலியா, அந்த வெயிலூரில் ஒரு எண்ணெய் கிடைக்கவில்லையா? அதையும் எழுதினார். அந்த ஊரில் பெரிய வீடு ஒன்று, ஏழு பெண்பிள்ளைகள் சேர்ந்து கட்டினது, ஆளுக்கொரு அறை, நடுவில் பொதுவாக ஒரு சமையற்கட்டு. மாடியில் தகடுகள். நடு மத்தியானம் ஏழு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறிப் போய்க் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தகடு கழுவுகிறார்கள். கிழிஞ்சது போ! பால்வண்ணனுக்கு நிஜமாகவே நெஞ்சு பதறியது. கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். வெயில் ஏறும் முன்னால் கழுவணும், இல்லாவிட்டால் சாயங்காலம். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் தினம் இதைத்தானே பேசுகிறார், சோற்றுக்கு உட்கார்ந்தால் இதுதான் பேச்சு, அது அவள் காதில் ஏறவே இல்லையா? அப்படியானால் அவ்வளவு நாளும் அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது என்னத்தை? அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு, குறை மூன்று என்று எழுதினார்.

அப்புறம் வாதாம் மரம். கதையில் வீட்டுக்குத் தென்மேற்கில் பெரிய வாதாம் மரம், அதன் நிழல் மூன்று மணிக்கு மேல் கடைசித் தகட்டில் விழுகிறது. ஒரு தகட்டில் நிழல் விழுந்தால் அந்த வரிசை மொத்தமும் சுணங்கிப் போகும், இது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எழுதியிருக்கிறாள், சரியாக. ஆக காதில் ஏறாமல் இல்லை; வேண்டியது மட்டும் ஏறியிருக்கிறது. ஏழு பேரும் உட்கார்ந்து பேசி, மரம் நிற்கட்டும், தகட்டை இடம் மாற்றுவோம் என்று முடிவு பண்ணுகிறார்கள். ஒரு தகட்டை இடம் மாற்ற என்ன செலவாகும் என்று எவளுக்காவது தெரியுமா? 'மரத்தை வெட்டணும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். எழுதின கை அப்படியே நின்றது. இந்த வீட்டுக் கொல்லையிலும் வாதாம் மரம் நின்றது. தகடு மாட்டுகிற வருஷம், வடிவு நூலகம் போயிருந்த ஒரு நாள், ஆளை வைத்து வெட்டிப் போட்டார். அரை நாள் வேலை. வந்து பார்த்தவள் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லையில் கிடந்த இலையெல்லாம் கூட்டி வாரினாள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்? வாயைத் திறந்து சொன்னால் கேட்டிருக்கப் போகிறார். கேட்டிருப்பாரா? கேட்டிருப்பார். மரத்தை வெட்டியிருப்பார், ஆனால் கேட்டிருப்பார். சீ, ஒரு மரத்துக்கா இவ்வளவு பாடு, மேலே படி. மேலே ஊர்க்கட்டுப்பாடு வருகிறது: வெயிலூரில் ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் கேலியாகச் சிரித்தால், சிரித்தவர் எழுந்து போய் இருபது குடம் தண்ணீர் இறைத்துவிட்டு வந்துதான் மறுபடி உட்காரலாம். இதற்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கால் ஸ்டூலில் இருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். ஓரத்தில் 'ஹா ஹா, அப்போ ஊரில் தண்ணிப் பஞ்சமே வராது' என்று எழுதி ஆச்சரியக்குறி மூன்று போட்டார். கதையின் அடியில் வழக்கம்போல, குறைகள் பதினொன்று, சரிசெய்த பின் ஒப்படைக்கவும், பால்வண்ணன், தேதி.

சாப்பிட்டார். அவியல் நன்றாக இருந்தது. உப்பு ஒரு கல் கம்மி, அதையும் சொல்லணும். கை கழுவும்போதுதான் ஒரு எண்ணம் வந்தது, ரொம்பச் சாதாரணமாக, குழாயை மூடினோமா என்கிற மாதிரி. பொன்னியின் புருஷன் எங்கே? நொண்டிக்கொண்டே வந்து மறுபடி எடுத்தார். படிக்கிற வேகத்தில் விட்டுப்போயிருக்கும். பதினாலு பக்கம். முதல் பக்கத்தில் பக்கத்து வீட்டு சகாயராணி இருக்கிறாள், பெயர் மாற்றி; அந்த மூக்குத்தியும் அந்த உரத்த குரலும் வேறு யாருக்கு இருக்கிறது? மூன்றாம் பக்கத்தில் மகன் வருகிறான், லீவுக்கு, பெங்களூர் மாதிரி ஏதோ ஓர் ஊரிலிருந்து. வந்து நாலு நாள் இருந்து தூங்குகிறான், தின்கிறான், போகிறான், அது சண்முகவேலுவேதான். ஐந்தாம் பக்கத்தில் நூலகத்து வாட்ச்மேன் துரை. அவன் கூட! வேலை நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்குகிற பயல், அவனுக்கு அங்கே பேட்டரி அறைப் பொறுப்பு கொடுத்திருக்கிறாள். பேட்டரியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? அந்த அறையில் யார் உட்கார வேண்டியது? எட்டாம் பக்கத்தில் குட்டன். அவர்கள் வீட்டு நாய், நாலு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனது, அதற்குப் பெயர் கூட மாற்றவில்லை. செத்த நாய் இரண்டாயிரத்து எண்பத்தைந்தில் வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் படுத்திருக்கிறது. புருஷன் இல்லை. செத்துப்போனான் என்று ஒரு வரி உண்டா என்று தேடினார், இல்லை. ஓடிப்போனான்? இல்லை. ஒரு போட்டோ, ஒரு மாலை, பழைய சட்டை ஏதாவது கொடியில்? இல்லை. யாரும் பொன்னியிடம் உன் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கக்கூட இல்லை. செத்துப்போனதாகவாவது எழுதியிருக்கலாமே, பாவி. கொன்றாவது போட்டிருக்கலாமே. மனுஷனைக் கொல்வதற்கும் ஒரு நினைப்பு வேண்டும்.

மணி நாலே முக்கால். மூன்றாம் தரம் படித்தபோது ஆம்பிளைகளாகவே எண்ணிக்கொண்டு போனார். விதை கொண்டு வருகிறவன், அவன் கறுப்பு, பாடுவான், இவர் பாடுவதில்லை. வண்டி ஓட்டுகிறவன், அவனுக்கு வயசு முப்பது. கூட்டத்தில் பின்னால் நிற்கிற ஒரு வழுக்கைத் தலை, ஒரே வரிதான், 'வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார்'. பால்வண்ணன் தன் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். இருக்கலாம். கொட்டாவி விடுகிறவராகவாவது இருக்கலாம். இப்படி ஒரு கேவலம்! ஐம்பத்தெட்டு வயசில், சொந்த வீட்டில், பொண்டாட்டி எழுதின கதைக்குள் ஒரு கொட்டாவிக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன்னையே அசிங்கமாகத் திட்டிக்கொண்டார். கதைதானே. கற்பனைதானே. ஆனால் எல்லாம் கற்பனை என்றால் சகாயராணியின் மூக்குத்தி எதற்கு? திரும்பத் திரும்ப மனசு அந்த இருபது குடத்துக்கே போயிற்று. அந்தக் கட்டுப்பாடு யாருக்காகப் போட்டது? கல்யாணமான புதுசு, இவருடைய அண்ணன், அத்தான், ரெண்டு சிநேகிதர்கள், எல்லாரும் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடிவு ஒரு நோட்டை எடுத்து வந்து, நான் ஒரு கதை எழுதியிருக்கேன், வாசிக்கட்டுமா என்றாள். முதல் வரி, 'வெயிலுக்கு ஒரு வாசனை உண்டு.' இவர் மூக்கை உறிஞ்சி, ஏ அத்தான், உங்க கக்கத்துப் பக்கம் இருந்துல்லா வருது என்றார். எவ்வளவு சிரிப்பு! அத்தானுக்குப் புரையே ஏறிவிட்டது. வடிவும் சிரித்தாள். அவர் வாழ்க்கையில் நல்ல நாட்களை எண்ணச் சொன்னால் அந்த நாளையும் எண்ணுவார், இத்தனை வருஷமும் அப்படித்தான் எண்ணி வந்தார். அப்புறம் வெயிலில் இருந்து யார் வந்தாலும், ஆஹா என்ன வாசனை என்பார், ஒரு வருஷம், ரெண்டு வருஷம். அன்றைக்கு வடிவு சிரித்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிரித்துவிட்டு நோட்டை மூடினாள். மூடிவிட்டு எல்லாருக்கும் காப்பி போட உள்ளே போனாள். ரொம்ப நேரம் காப்பி வரவில்லை. அண்ணன்தான், என்னல, உன் பொண்டாட்டி காப்பிக்கொட்டை வாங்கச் சந்தைக்குப் போயிட்டாளா என்று கேட்டான், அதற்கும் ஒரு சிரிப்பு. காப்பி வரவில்லை என்பது இன்றைக்கு வரை அவருக்கு ஞாபகம் இல்லாமல் இருந்தது. அவள் கண் எப்படி இருந்தது என்று யோசித்தார். அவள் கண்ணை அவர் பார்க்கவில்லை. அத்தானுக்குப் புரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கம் முழுக்கச் சிவப்பு. இப்போதுதான் அது கண்ணில் பட்டது. அவளுக்கு வந்த ஒரே பிரதி, தபால் உறையைக்கூடக் கிழிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்து வைத்திருந்தாள். எச்சில் தொட்டு 'ஹா ஹா'வைத் தேய்த்துப் பார்த்தார். அது அழியாமல் ரத்தக்கட்டு மாதிரிப் பரவி, அச்செழுத்தையும் சேர்த்துக் கெடுத்தது. ஐந்தரை. மூளை ஓடியது, இந்த மாதிரி நேரத்தில்தான் அது ஓடும். பின்னட்டையில் பத்திரிகைக்காரியின் போன் நம்பர் இருந்தது. இன்னொரு பிரதி வரவழைத்து, இதைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டு, இன்னும் படிக்கவில்லை, கால் வலி என்று ரெண்டு நாள் சமாளிக்கலாம். போட்டார். ஜெபமலர் என்று ஒருத்தி எடுத்தாள், குரலில் நல்ல உற்சாகம். சிறப்பிதழ் இன்னொரு பிரதி வேணும் என்றார். "சொல்லுங்க சார், எந்தக் கதைக்காகக் கேக்குதீங்க?" வெயிலூர் என்றார். "எல்லாரும் அதைத்தான் சார் சொல்லுதாங்க! நீங்க யாரு?" "நான் சங்கரவடிவோட வீட்டுக்காரர்." அவள் உற்சாகம் சட்டென்று இறங்கிற்று. "வடிவக்காவுக்கு வீட்டுக்காரர் இருக்காங்களா? அய்யோ, மன்னிச்சுக்கிடுங்க சார். மூணு வருஷப் பழக்கம், அக்கா ஒருநாளும் சொன்னதில்ல. நாங்க அவங்க தனியா இருக்காங்கன்னுல்லா நெனச்சோம்." அப்புறம், சங்கடத்தை மறைக்கிற அவசரத்தில், கேட்காததையும் கொட்டினாள். "பிரதி அக்காகிட்டயே குடுத்துருதேன் சார். ஜூன்ல இங்கயே தங்க வந்துருதாங்கல்லா. கட்டட வேலை முடிஞ்சுட்டு, அக்கா ரூம்தான் கிழக்குப் பக்கம்." பால்வண்ணன் ஆமாம் என்றார். ஆமாம் ஆமாம், எனக்குத் தெரியும் என்றார். நிலம் ஆலங்குளம் பக்கம்தானே என்று தெரிந்தவர் மாதிரிக் கேட்டார். அங்கேதான் என்றாள். ஏழு பேரா என்றார். ஏழு பேர்தான் என்றாள்.

போனை வைத்த பிறகு அவர் ஒன்றும் யோசிக்கவில்லை என்று சொல்வது பொய். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யோசித்தார். ஐம்பத்து நாலு வயசுப் பொம்பிளை புருஷனை விட்டுப் போவாளா, ஊர் என்ன சொல்லும், அண்ணன் என்ன சொல்லுவான், சிரிப்பான். இதுகளுக்கு ஒரு இன்வெர்ட்டர் மாட்டத் தெரியுமா, நடு மத்தியானம் தண்ணீர் ஊற்றுகிற கூட்டம், மூணு மாசத்தில் விரிசல் விட்டு நாசமாகப் போகும், அப்போது என்னைத்தான் கூப்பிடணும், கூப்பிடட்டும், வரமாட்டேன் என்பேன். போவேன். ஏணியோடு போவேன். யார் வந்திருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்லுவாள்? தகடு பார்க்கிற ஆள் என்பாள். காலை யார் கட்டு மாற்றிவிடுவது, அவியல், சுக்கு டீ, சீ, இவ்வளவுதானா என் நினைப்பு, சோறும் கட்டும்தானா? வேறு ஏதாவது வருகிறதா என்று உள்ளுக்குள் துழாவிப் பார்த்தார். அவள் இல்லாவிட்டால் ராத்திரி சாப்பிடும்போது யாரிடம் பேசுவது என்பது வந்தது. அதையும் சற்று நேரம் வைத்துப் பார்த்தால், யாரிடம் பேசுவது என்றுதான் இருந்தது, யார் பேசுவதைக் கேட்பது என்று இல்லை. பயமாக இருந்தது. மொட்டைமாடி விளிம்பில் எத்தனையோ தரம் நின்றிருக்கிறார், அங்கே பயந்ததில்லை. கொல்லைக் கதவு வரைக்கும் நொண்டிப் போனார், தீப்பெட்டியும் கையில் இருந்தது. கொளுத்தவில்லை. கொளுத்தினால் அவளுக்கு அது ஒன்றும் புதுசாக இருக்காது. அப்படியே திரும்பி வந்து பத்திரிகையை மேஜை மேல் வைத்தார், விரித்தபடியே.

ஆறு மணிக்கு வடிவு வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். மேஜையைப் பார்த்தாள். எடுத்து, நின்றபடியே, ஒவ்வொரு சிவப்பு வரியாகப் படித்தாள், அவர் கதையைப் படித்ததைவிட நிதானமாக. முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ஏற்கனவே படித்த ஒன்றைத் திரும்பப் படிக்கிறவள் மாதிரி இருந்தாள்.

"ஜூன்லயா?" என்றார் பால்வண்ணன்.

"ஆமா. வேலைய விடுதேன்னு லைப்ரரியில எழுதிக் குடுத்துட்டேன். அதைச் சொல்லத்தான் இன்னைக்கு." யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

அவர் சொல்ல நினைத்தது ஆயிரம். வாயைத் திறந்ததும் வந்தது ஒன்றே ஒன்று. "குட்டன்கூட இருக்கான், வடிவு."

"இருக்கான்."

"துரை இருக்கான். அந்தத் தூங்குமூஞ்சிப் பய. நான் எங்க? மூணு தரம் பாத்தேன். வரி வரியாத் தேடினேன்."

வடிவு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தேடினார் என்பதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"நானும்தான் தேடினேன்" என்றாள். "ஆறு தரம் மாத்தி மாத்தி எழுதிப் பாத்தேன். தோட்டத்துல விட்டேன், மாடியில விட்டேன், பேட்டரி ரூம்ல உக்கார வச்சேன். எங்க விட்டாலும், நீங்க வந்ததும் மத்தவங்க பேச்சை நிறுத்திட்டாங்க."

பால்வண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக, அடுத்து அவள் ஏதாவது சொல்வாளா என்று காத்துக்கொண்டிருந்தார். அவள் பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல இருந்தது.